முதுகுக்கு ஏழு விரல்நுனி

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் விசாரித்து நாலு வரி எழுத எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் நீதிமன்றத்தில் உங்கள் மகளும் நானும் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுச் சாவியால் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தீர்கள். விவாகரத்து முடிந்து வெளியே வந்தவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "மாமா, சாவியால சொறியாதீங்க, புண்ணாயிடும்." உங்கள் மகள் உங்களைப் பார்த்து, "பாத்தீங்களாப்பா, இன்னைக்குக்கூட" என்றாள். பிறகு இருவரும் வண்டி ஏறிப் போய்விட்டீர்கள்.

அந்தச் சாவி மனதை விட்டுப் போகவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உங்களுக்குக் கேட்காது. பாய்லர் அறையில் முப்பத்துநாலு வருஷம் நின்ற காது. அதனால் எழுதுகிறேன்.

இத்துடன் அரைக் கிலோ டப்பா ஒன்று இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் நானே கலக்கிய க்ரீம். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. வாசனை இருந்தால்தான் விற்கும் என்று விற்பனைப் பிரிவில் என்னோடு சண்டை போடுகிறார்கள். வறண்ட தோலை வாசனை கிளறிவிடும் என்று சொன்னால் யாருக்கும் காது இல்லை. உங்களுக்காவது காரணம் இருக்கிறது.

முறை சொல்கிறேன், ஒரு நாளும் மாற்றக் கூடாது. கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதை நிறுத்துங்கள். பாய்லர்க்காரருக்குச் சூடு பிடிக்கும், தெரியும். வெதுவெதுப்பு போதும், பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் பாதத்துக்கும் மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். உடம்பில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிஷத்துக்குள், க்ரீம் பூசிவிட வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறாமல் மூடுவதுதான் அதன் வேலை. நீராவிக் குழாய்க்குத் துணி சுற்றுவீர்களே, அதே கதை.

அளவு முக்கியம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு எடுத்தால் அது ஒரு விரல்நுனி, அரை கிராம். முகமும் கழுத்தும் இரண்டரை. ஒரு கைக்கு, உள்ளங்கை புறங்கை சேர்த்து, நாலு. ஒரு காலுக்குப் பாதத்தோடு எட்டு. மார்பும் வயிறும் ஏழு. முதுகுக்கு ஏழு. மொத்தம் நாற்பது சொச்சம், அதாவது இருபது கிராம். டப்பா இருபத்தைந்து நாள் வரும். வெயிலில் போவதானால் முகம், காது, கழுத்தில் சன்ஸ்கிரீன். அதுவும் பொட்டலத்தில் இருக்கிறது. முதல் இரண்டு நாள் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சமாகப் பூசிப் பாருங்கள். சிவந்தால் நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

தினமும் லாக் புக் போடுங்கள். அதை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மாப்பிள்ளை
(இந்தச் சொல் இனிமேல் செல்லுமா, தெரியவில்லை. வேறு கிடைக்கும்வரை இருக்கட்டும்.)


ஜனவரி 27

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நான் நலம், தோல் பாதி நலம். மீதிப் பாதி உங்கள் டப்பாவைப் பொறுத்தது.

செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீதிமன்றத் தாளை நான் மூக்குக்கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தேன். அதில் உங்கள் பெயர் இருந்தது, பாப்பா பெயர் இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. என்னை யாரும் விவாகரத்து செய்யவில்லை. ஆகையால் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்.

நீங்கள் சொன்னபடி இரண்டு நாள் முழங்கையில் பூசிப் பார்த்தேன், சிவக்கவில்லை. பதினாறாம் தேதி முதல் உடம்புக்கு. லாக் புக்கில் கோடு போட்டு நாலு பத்தி பிரித்திருக்கிறேன்: தேதி, குளித்த நேரம், பூசிய நேரம், பூசிய இடம். நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். "16. குளியல் 6.10. க்ரீம் 6.22. முழுதும்." "17. குளியல் 6.12. க்ரீம் 6.23. முழுதும்." எல்லா நாளும் இப்படித்தான், ஒரு நாள் தவறவில்லை.

உண்மையைச் சொன்னால் லாக் புக் நல்லதாயிற்று. வேலையை விட்ட பிறகு காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்தது. பாப்பா வேலை பார்க்கும் ஊரில் விடுதியில் இருக்கிறாள், வாரம் ஒரு முறை போன் வரும். நான் "ம், ம்" என்பேன். பாதி கேட்காது, அவளுக்கும் தெரியும். இப்போது எழுந்ததும் வெந்நீர், துண்டு, மூன்று நிமிஷம் என்று ஓட வேண்டியிருக்கிறது. மூன்றாம் மாடியில் தனி ஆள் இப்படி அவசரப்படுவதைப் பார்த்தால் எதிர்வீட்டுக்காரர் ரயிலுக்குப் போகிறேன் என்று நினைப்பார்.

மருந்துக்கடைக்காரர் டப்பாவைப் பார்த்து, "யார் சார் இது, எந்தக் கம்பெனி?" என்றார். "எங்க வீட்டுக் களிம்புக்காரர்" என்றேன். "வாசனையே இல்லையே" என்றார். "ஆளும் அப்படித்தான்" என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
மாமா


பிப்ரவரி 16

அன்பு மாப்பிள்ளைக்கு,

டப்பா நேற்று முடிந்தது. கரண்டிக் காம்பால் அடியைச் சுரண்டி எடுத்தேன். சிரமம் இல்லை என்றால் இன்னொன்று வேண்டும். முழங்கையும் கெண்டைக்காலும் பாப்பாவின் கன்னம் மாதிரி ஆகிவிட்டன. (இதை எழுதியிருக்கக் கூடாதோ. அடித்தால் அசிங்கமாக இருக்கும், விட்டுவிட்டேன்.)

லாக் புக் நகல் இத்துடன்.

மாமா


பிப்ரவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

லாக் புக் பார்த்தேன். பொய்.

கல்யாணமான புதிதில் நீங்கள் ஒரு கதை சொன்னீர்கள். உங்கள் ஷிப்டில் ஒருவர் அழுத்தம் காட்டும் கேஜ் பக்கமே போகாமல் மணிக்கு மணி ஒரே எண்ணை எழுதி வைப்பாராம். "இவன் எழுதுறது ரீடிங் இல்லடா, ஆசை" என்று மேலதிகாரி சொன்னாராம். அதைச் சொல்லி நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். முப்பத்தொரு நாள், முப்பத்தொரு "முழுதும்". இதில் எது ரீடிங்?

டப்பா இருபத்தைந்து நாளில் முடிந்திருக்க வேண்டும். முப்பத்தொன்று வந்திருக்கிறது. நாளுக்குப் பதினாறு கிராம்தான் போயிருக்கிறது. கிட்டத்தட்ட நாலு கிராம் குறைகிறது, ஏழெட்டு விரல்நுனி. உடம்பில் அந்த அளவுக்கு இடங்கள் சிலதான் இருக்கின்றன. ஒற்றைக் காலை மட்டும் மறந்துவிடும் ஆள் நீங்கள் இல்லை. மார்பு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஆக, முதுகு. ஒரு நாள்கூடப் பூசவில்லை.

எட்டவில்லை என்றால் எட்டவில்லை என்று எழுத வேண்டியதுதானே? எதற்கு "முழுதும்"? எட்டாத இடத்துக்கு வழி கண்டுபிடிப்பது என் வேலை. தகவல் தப்பாக வந்தால் நான் என்ன செய்ய முடியும்?

இத்துடன் இரண்டாவது டப்பா. கூடவே ஒரு குச்சி. கலவைத் தொட்டி கழுவும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்து, சூடு காட்டி வளைத்து, முனையில் பஞ்சு மாட்டியிருக்கிறேன். பஞ்சைக் கழற்றித் துவைக்கலாம். உபரியாக நாலு பஞ்சு வைத்திருக்கிறேன். தோள் மேலிருந்து பாதி, இடுப்புப் பக்கமிருந்து பாதி. கண்ணாடி தேவையில்லை.

இனிமேல் உண்மையை எழுதுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 4

அன்பு மாப்பிள்ளைக்கு,

பிடித்துவிட்டீர்கள். முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் என் லாக் புக்கில் யாரும் தப்பு கண்டுபிடித்ததில்லை. உங்களிடம் மாட்டினேன்.

முதுகுக்கு நான் இதுவரை கதவு நிலையைத்தான் வைத்திருந்தேன். குளியலறைக் கதவின் இடதுபக்க நிலை, கொஞ்சம் சொரசொரப்பு, தோளுக்கு வாகான உயரம். அதில் சாய்ந்து மேலும் கீழும் இரண்டு நிமிஷம். அதை எப்படி உங்களுக்கு எழுதுவது? "முதுகுக்கு ஆள் இல்லை" என்று எழுத ஒரு முறை பேனா எடுத்தேன். படித்துப் பார்த்தால் நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது மாதிரி இருந்தது. "முழுதும்" என்று போட்டுவிட்டேன், வேலை சுலபம்.

உங்கள் அத்தை இருந்தவரை முதுகு என்று ஒன்று தனியாக இருப்பதே எனக்குத் தெரியாது.

குச்சி அருமை. பிப்ரவரி இருபத்துநாலு முதல் பயன்படுத்துகிறேன். முதல் நாள் தோள் மேலிருந்து விட்டேன், க்ரீம் முழுக்கக் கழுத்திலும் தலைமுடியிலும். இரண்டாம் நாள் இடுப்புப் பக்கம் வந்தது. மூன்றாம் நாள் முதுகைத் தொட்டுவிட்டேன். நடுவில் தட்டு அளவுக்கு ஒரு இடம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. லாக் புக்கில் இப்போது "முதுகு, நடு நீங்கலாக" என்று எழுதுகிறேன். திருப்தியா?

இரண்டு கேள்வி. ஒன்று, உங்கள் முதுகுக்கு யார்? இத்தனை க்ரீம் கலக்குகிறவர், உங்களுக்கு யாராவது வேண்டாமா? இரண்டாவது, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. பாப்பா உங்களை விட்டுக் கிளம்பக் காரணமான அந்தப் போட்டோ விஷயம் என்ன? பாப்பாவிடம் கேட்டால், "அதை விடுங்கப்பா" என்பாள். அதற்குமேல் என் காது செவிடு என்று வைத்துக்கொள்வேன். நீங்களாவது சொல்லுங்கள்.

அன்புடன்,
மாமா


மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

முதல் கேள்விக்குப் பதில்: எனக்கு முப்பத்தொரு வயது. கை எட்டும்.

இரண்டாவது. ஒரு க்ரீம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே ஆளின் முகத்தில் பாதிக்குப் பூசி, பாதியைச் சும்மா விட வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் எதனால் என்று உறுதியாகச் சொல்லலாம். இது என் கண்டுபிடிப்பு இல்லை, உலகமெங்கும் இப்படித்தான். உங்கள் மகளிடம் கேட்டேன், சரி என்றாள். இடது கன்னம் க்ரீம், வலது கன்னம் ஒன்றும் இல்லை, நாற்பது நாள். தினமும் காலை ஏழு மணிக்கு ஜன்னல் பக்கத்தில் நிற்க வைத்து இரண்டு கன்னத்தையும் படம் எடுப்பேன். மோவாயைக் கொஞ்சம் தூக்கச் சொல்வேன். அவள் தூக்குவாள். அந்த நேரத்தில் ஏதாவது பேசுவாள். ஆடாதே என்பேன்.

இருபத்தாறாம் நாள் அவள் அலுவலகத்தில் எல்லோரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுக்கும் நாள். "இன்னைக்கு ஒரு நாள் ரெண்டு பக்கமும் போட்டுக்கறேன்" என்றாள். "சாம்பிள் கெட்டுடும்" என்றேன். அவள் வலது கன்னத்தை அப்படியே விட்டுக் கிளம்பிப் போய்விட்டாள்.

போட்டோவில் இடது கன்னம் பளபளக்கிறது, வலது கன்னம் சுண்ணாம்பு மாதிரி. "பாதிக்கு மட்டும் பாலிஷ் போட்டாங்களா?" என்று யாரோ கேட்டார்களாம், மொத்த அலுவலகமும் சிரித்ததாம். சாயங்காலம் வந்து போட்டோவை மேஜைமேல் வைத்தாள். நான் எடுத்துப் பார்த்தேன். "வித்தியாசம் நல்லாத் தெரியுதே!" என்றேன்.

சந்தோஷமாகச் சொன்னேன் மாமா. அதுதான் நடந்தது.

"தினமும் காலையில என்னைப் பாக்கறீங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். என் கன்னத்தைப் பாத்திருக்கீங்க" என்றாள். எனக்கு அப்போது அந்த வாக்கியம் புரியவில்லை. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அடுத்த மாதம் அவள் கிளம்பிவிட்டாள்.

இப்போது சாம்பிள் எல்லாம் என் இடது கையில்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பேனாவால் ஆறு கட்டம் போட்டு ஆறு க்ரீம். கை ஆடாது, பேசாது, போட்டோவுக்கும் போகாது. வேலை சுத்தமாக நடக்கிறது. வீட்டுக்கு வந்தால் அந்த ஜன்னல் மட்டும் அங்கேயே இருக்கிறது. காலை ஏழு மணிக்கு வெளிச்சம் நன்றாக விழும். யாரும் நிற்பதில்லை என்பதற்காக வெளிச்சம் வராமல் இருக்காது அல்லவா.

பஞ்சு க்ரீமைக் குடிக்கும். அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 23

அன்பு மாப்பிள்ளைக்கு,

இரண்டாவது டப்பா நேற்று முடிந்தது. இருபத்தேழு நாள். பஞ்சு தான் குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் எனக்குத் தருகிறது. குடிகாரப் பஞ்சு.

போட்டோ விஷயத்தை நாலு முறை படித்தேன். அப்பாவாக ஒரு முறை திட்டினேன், சத்தமாகவே. எனக்கே கேட்டது. "ரெண்டு பக்கமும் போட்டுக்கோ" என்று மூன்று வார்த்தை மாப்பிள்ளை. இருபத்தாறு நாள் உழைப்பு போனால் போகிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். சாம்பிளுக்கு அது முடியும். பிறகு மாமாவாக ஒரு முறை படித்தேன். ஜன்னல் வரியில் நின்றுவிட்டேன்.

பாய்லரில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடி ஒன்று உண்டு. எட்டு மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் என்னோடு வேலை செய்தவர் எப்போது அழுதார், எப்போது சிரித்தார் என்று கேட்டால் தெரியாது. அவர் ஓய்வு பெற்ற அன்றுதான் அவர் கண் பூனைக்கண் என்று பார்த்தேன். நாம் இருவரும் ஒரே மாதிரி வேலைதான் செய்திருக்கிறோம்.

அடுத்த டப்பாவை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா


ஏப்ரல் 22

மாப்பிள்ளைக்கு,

நலம். மூன்றாவது டப்பா மார்ச் முப்பத்தொன்றில் திறந்தது, நேற்று முடிந்தது. அரிப்பு அறவே இல்லை. முதுகிலும் இல்லை. இன்னொன்று அனுப்ப முடியுமா?

லாக் புக் நகல் இந்த முறை அனுப்பவில்லை. பேனா சரியில்லை.

மாமா


ஏப்ரல் 27

அன்புள்ள மாமாவுக்கு,

பேனா சரியில்லை என்று அதே பேனாவால் எழுதியிருக்கிறீர்கள். நீலம், முனை கொஞ்சம் தடிமன், ஜனவரியிலிருந்து அதேதான்.

கடிதத்தை மேஜையில் வைத்துக் கணக்குப் போட்டேன். மார்ச் 31 முதல் ஏப்ரல் 21 வரை இருபத்திரண்டு நாள். ஐந்நூறு கிராம். நாளுக்கு இருபத்திரண்டரைக்கு மேல். உங்கள் உடம்பு முழுவதற்கும் இருபதுதான். நடுமுதுகு உட்பட எல்லாம் பூசப்படுகிறது, பஞ்சு குடிக்கவில்லை. அதாவது குச்சி இல்லை. ஒரு கை பூசுகிறது.

அதற்குமேல் இரண்டரை கிராம் மிஞ்சுகிறது. ஐந்து விரல்நுனி. அது எங்கே போகும்? ஒரு முகமும் கழுத்தும் இரண்டரை. இரண்டு கைகள், மணிக்கட்டு வரை, இரண்டு. மீதி அரை டப்பா ஓரத்தில் ஒட்டியிருக்கும். உங்கள் முதுகில் பூசிவிட்டு, அந்தக் கை தன் முகத்துக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. தினமும்.

எதிர்வீட்டுக்காரர் உங்கள் முதுகில் க்ரீம் பூசப் போவதில்லை. அவள் வந்திருக்கிறாள்.

முகத்துக்கு இரண்டரை விரல்நுனி என்றால் இரண்டு கன்னமும் சேர்ந்துதான் மாமா. ஒரு கன்னம் என்றால் ஒன்றேகால்தான் போகும். பத்து முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இது ஆசை இல்லை, ரீடிங்.

ஆனால் இதற்குக் கீழே எழுதுவது ஆசை. பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நாலாவது டப்பா தயார். தபாலில் போடவில்லை. நீங்கள் வரச் சொன்னால் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். நான் மாறிவிட்டேன் என்று எழுத மாட்டேன், அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. இப்போதும் பேருந்தில் எதிரே உட்காருபவரின் நெற்றியைப் பார்த்தால் எந்த சோப்பு என்று யோசிக்கிறேன். ஆனால் அவள் சொன்ன அந்த வாக்கியம் புரிந்துவிட்டது. ரொம்ப நாள் எடுத்தது, ஆனாலும் புரிந்துவிட்டது. ஒரு நாள், கையில் கேமரா இல்லாமல், எந்த வேலையும் இல்லாமல் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் பேசட்டும், ஆடட்டும்.

அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள். அல்லது நீங்களே சொல்லுங்கள். வரலாமா, கூடாதா, இரண்டில் ஒன்று.

மாப்பிள்ளை


மே 7

என் அன்பு மாப்பிள்ளைக்கு,

ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். உங்களுக்குச் சுற்றி வளைத்தால் பிடிக்காது. வர வேண்டாம்.

சொன்ன ஒவ்வொரு கிராமும் சரி. பாப்பா மார்ச் கடைசியில் லீவு போட்டு வந்தாள். நான் குளித்துவிட்டு வந்து குச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "என்னப்பா இது, ஒட்டடைக் குச்சியா?" என்றாள். "முதுகுக்கும்மா." "யார் செஞ்சது?" "தெரிஞ்சவர் ஒருத்தர்." டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "வாசனையே இல்ல" என்றாள். மூடியைத் திருகி மூடினாள். "அவரா?" நான் தலையாட்டினேன். "சரி, திரும்புங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து குச்சி மூலையில்.

மறுநாள் கண்ணாடி முன்னால் நின்று விரலால் தொட்டு முகத்தில் வைத்துக்கொண்டு, "அப்பா, உங்க களிம்புக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ரெண்டு கன்னத்துக்கும் பூச அனுமதி உண்டான்னு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு வார்த்தை விடாமல் தெரிந்தது. அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை மாப்பிள்ளை. கொஞ்சம் கோபம் இருந்திருந்தால்கூட வாங்க என்று எழுதியிருப்பேன்.

அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். பதிவு அலுவலகத்தில், நாலு பேரை வைத்து. அவர் அவள் வேலை பார்க்கும் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனிதர், என்னிடம் பேசும்போது எதிரில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்து மெதுவாகப் பேசுகிறார். துணி துவைக்கும் சோப்பிலேயே முகமும் கழுவுகிறார், நான் கண்ணால் பார்த்தேன். உங்கள் ஞாபகம் வந்தது.

என்னையும் அங்கேயே கூட்டிப் போகிறார்கள். தரைத்தளம், எனக்குத் தனி அறை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "முதுகுக்கு யாருப்பா?" என்று கேட்டுவிட்டாள். பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வீட்டுத் தபால்பெட்டியைத் திறக்கப் போகிறவர் அவர். உங்கள் கையெழுத்தில் மாதா மாதம் ஒரு பொட்டலம் வந்தால், அவர் ஒன்றும் கேட்க மாட்டார். கேட்காததுதான் கஷ்டம். இனி அவரை நான் மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டும். நேற்று ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தேன், வாய் உங்கள் பக்கம் திரும்பியது. உங்களை இனி என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஜனவரியில் நீங்கள் கேட்டபோது நீதிமன்றத் தாளைக் காட்டிச் சிரித்தேன். இப்போது எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். லாக் புக்கை என் பெட்டியில் வைத்திருக்கிறேன். பொய் எழுதிய பக்கங்களையும் கிழிக்கவில்லை.

என்னை மன்னியுங்கள்.

மாமா


மே 15

அன்புள்ள மாமாவுக்கு,

வேண்டாம் என்பதை முதல் பத்தியிலேயே எழுதியதற்கு நன்றி. கடைசிப் பத்தி வரை இழுத்திருந்தால் கோபம் வந்திருக்கும்.

டப்பாவைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பழைய முகவரிக்கே வரும். நீங்கள் வீடு மாறுவதற்கு முன் கிடைத்துவிடும். இது முடிந்ததும் கடையில் வாசனை இல்லாத, கிளிசரின் சேர்ந்த சாதாரண க்ரீம் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். விலை உயர்ந்தது தேவையில்லை. என் டப்பாவில் மாயம் ஒன்றும் இல்லை, அதைக் கலக்கிய நானே சொல்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீர், மூன்று நிமிஷம், தினமும். தோல் சரியானது அதனால்தான். ஒரு வாரம் விட்டால் மறுபடி சாவியைத் தேடுவீர்கள். எங்காவது சிவந்தோ வெடித்தோ ஆறாமல் இருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் தோல் டாக்டரிடம் போங்கள்.

வாத்தியாரிடம் துணி சோப்பை முகத்துக்குப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். மருந்துக்கடைக்காரர் சொன்னதாகச் சொல்லுங்கள். அவர் வெயிலில் விளையாட்டு வகுப்பு எடுப்பவராக இருந்தால் சன்ஸ்கிரீனும்.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டீர்கள். கூப்பிட வேண்டிய அவசியம் வராது, அதனால் சிக்கல் இல்லை. நான் உங்களை மாமா என்று கூப்பிடுவதிலும் சிக்கல் இல்லை. தெருவில் போகிற பெரியவர்களில் பாதிப் பேரை அப்படித்தான் கூப்பிடுகிறோம், யாரும் தாள் கேட்பதில்லை.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில்: உண்டு. அன்றைக்கே உண்டு என்று சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு ஒரு உதவி. மூலையில் இருக்கும் குச்சி இனி உங்களுக்குத் தேவைப்படாது. வீடு மாற்றும்போது தூக்கிப் போட்டுவிடாமல் எனக்கு அனுப்பி வையுங்கள். கை எட்டும் என்று மார்ச் மாதம் எழுதியிருந்தேன். அது உங்கள் லாக் புக்கில் இருந்த "முழுதும்" மாதிரிதான்.

பஞ்சைத் துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள். இங்கே புதிது நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
களிம்புக்காரன்